ஒரு சொட்டு டீசல் இல்லாமல்

நவம்பர் 12

சிவப்பு மைக்கு,

நீ போய் மூன்று வாரம் ஆகிறது. "அக்காவுக்கு உடம்பு முடியல, பாத்துட்டு வந்துடறேன்" என்று ஒரே ஒரு துணிப்பையோடு பேருந்து ஏறினாய். நேற்று உன் அத்தானின் கடிதம் வந்தது. அக்கா நன்றாகத்தான் இருக்கிறாராம். நீ பழைய அச்சகத்திலேயே மறுபடி பிழை திருத்தப் போகிறாயாம். இதை நீயே எழுதியிருக்கலாம். திட்டியாவது எழுதியிருக்கலாம். நான் என்ன தப்பு செய்தேன் என்று அவரைக்கொடிப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே யோசிக்கிறேன். கழிப்பறைக்குக் கதவு போடச் சொல்லி இரண்டு வருடமாகக் கேட்டாய். அதுதானா? போட்டுவிட்டேன். உள்ளே தாழ்ப்பாளும் வைத்திருக்கிறேன்.

செய்தி இரண்டு. கழிவு எண்ணெயில் வேன் ஓட்டுவது பற்றிய நம் சிறு புத்தகம் ஒரு பிரதிகூட மிச்சமில்லை. இரண்டாம் பதிப்பு உன் அச்சகத்திலேயே போடுகிறார்கள். புரூஃப் உன் மேசைக்கே வரும். யோகம்தான் உனக்கு, என் எழுத்தைத் திட்டிக்கொண்டே திருத்தலாம்.

இரண்டாவது: டிசம்பர் 15 அன்று கணவாயைக் கடக்கிறோம். நான் மட்டும் இல்லை, மூன்று வண்டிகள். தச்சர்கள் அண்ணன் தம்பி ஒரு வண்டி. மருந்துக்கடைக்காரர் தன் மனைவி, நான்கு வயது மகளோடு ஒரு வண்டி. இரண்டு வீட்டாரும் கோடையில் புத்தகத்தைப் பார்த்தே வேனை மாற்றிக் கட்டியிருக்கிறார்கள். உச்சியில் முப்பது மைலுக்கு ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. குளிர்காலத்தில், கடைகளில் பொரித்துக் கழித்த எண்ணெயில், அதன்மேல் ஏறி இறங்கிக் காட்டினால் என் அண்ணன் வாயை மூடுவான். "கடைசல் பட்டறையை வித்துட்டு எண்ணெய்ப் பீப்பாயைக் கட்டிக்கிட்டு அழறான்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பவன் அவன்.

ஒரே ஒரு குறை. நீ போனதிலிருந்து நம் வேன், அந்த எருமை, விடியலில் எழ மாட்டேன் என்கிறது. வெயில் ஏறிய பிறகுதான் உறுமுகிறது. தச்சர் சொல்கிறார், "வீட்டம்மா இல்லன்னா வண்டிகூட ஏங்கும் போல." சிரித்துவிட்டேன். ஆனால் எனக்குப் பலகாரக் கடைக்காரர் மேல்தான் சந்தேகம். கொடுக்கிற எண்ணெயில் எதையோ கலக்கிறார்.

புறப்படும் முன் வந்துவிடு. முன் இருக்கை உன்னுடையது.

எண்ணெய்க்காரன்


நவம்பர் 17

எண்ணெய்க்காரருக்கு,

நீ ஒரு தப்பும் செய்யவில்லை. அதை முதல் வரியிலேயே எழுதிவிட வேண்டும் என்று நினைத்தேன். கதவுக்கு நன்றி.

இங்கே அக்காவும் அத்தானும் ஒன்றும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பது எவ்வளவு சத்தமாக இருக்கும் என்று உனக்குத் தெரியாது. நேற்றுதான் அக்கா வாயைத் திறந்தாள். "ஏண்டி, நீ கட்டிக்கிட்டது ஆளையா, எண்ணெய்ச் செக்கையா?" என்றாள். இரண்டையும் என்றேன். இந்தக் கடிதத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "புருஷனை இன்னும் நீ, வா, போன்னுதான் எழுதறியா?" என்று அதற்கும் ஒரு அதட்டல்.

புரூஃப் வந்துவிட்டது. பதினான்காம் பக்கம் என் முன்னால் கிடக்கிறது. "இரண்டு குளிர்காலம், ஒன்பதாயிரம் மைல், ஒரு சொட்டு டீசல் இல்லாமல்." அச்சக முதலாளி நாளைக்கே கேட்கிறார். எனக்குக் காய்ச்சல் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மருந்துக்கடைக்காரரின் மகளும் உண்மையாகவே வருகிறாளா? அவளைப் பாட்டி வீட்டிலோ எங்கேயோ விட்டுவிட்டு வரக் கூடாதா? பயணத்தை மார்ச்சுக்குத் தள்ளினால் என்ன? மலை எங்கேயும் போய்விடாது. வெயில் காலத்தில் ஏறினாலும் அது ஏறியதுதான்.

பலகாரக் கடைக்காரரை மட்டும் ஒன்றும் சொல்லிவிடாதே. அவருடைய எண்ணெயில் ஒன்றும் இல்லை.

இன்னும் ஒன்று எழுத நினைத்தேன். இந்தத் தாள் முடிந்துவிட்டது. பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது, ஆனாலும் முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்.

சி.மை


நவம்பர் 22

சிவப்பு மைக்கு,

அவர் எண்ணெயில் ஒன்றும் இல்லை என்று எட்டு மணி நேரப் பேருந்துத் தொலைவில் உட்கார்ந்துகொண்டு உனக்கு எப்படித் தெரியும்?

உன் கடிதம் தாமதமாக வந்தது. அதற்குள் கேட்டுவிட்டேன். சந்தை நாள், கடை நிறையக் கூட்டம். நானும் கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன் என்று வைத்துக்கொள். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "ரெண்டு வருஷமா உங்களுக்குச் சும்மா குடுக்கறேன் தம்பி. கலப்படம் பண்றவன் காசுக்குல்ல பண்ணுவான்? சும்மா குடுக்கறதுல கலந்து எனக்கு என்ன லாபம்?" கூட்டம் சிரித்தது. ஆனாலும் இறங்கி வர மனசில்லை. இனி அவரிடம் வாங்குவதில்லை.

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். பயணத்தைத் தள்ளு, குழந்தையை விடு, கடைக்காரரைத் திட்டாதே. அச்சு அசல் என் அண்ணன் பேசுவது போலவே இருக்கிறது. அவனைப் பார்த்தாயா? அவன்தான் உன்னைப் போகச் சொன்னானா? நீயும் நம்பவில்லை என்றால் நேராகச் சொல்லிவிடு. பத்து நாள் வண்டி கிளம்பாமல் நான் சோறு இறங்காமல் கிடந்த அந்த முதல் குளிர்காலத்தில்கூட நீ நம்பினாய். பதினோராம் நாள் விடியலில் அது கிளம்பியபோது என் பக்கத்தில் நின்று கைதட்டியவள் நீ.

25-ஆம் தேதி புறப்படுகிறோம். சமவெளியில் வெயில் இருக்கிறது, மூன்று வண்டியும் மெதுவாகப் போகும். டிசம்பர் 2-க்குள் மலையடிவார விடுதியில் இருப்போம். அங்கே தொலைபேசி கிடையாது, தபால் பால் வண்டியில் வருமாம். இனி அங்கேயே எழுது. பதினான்காம் பக்கத்தைச் சீக்கிரம் அனுப்பு. காய்ச்சல் என்று பொய் சொல்லும் ஆள் இல்லை நீ.

எ.காரன்


நவம்பர் 26

உனக்கு,

பொய் சொல்லும் ஆள்தான் நான். இந்த முறை பின்பக்கத்திலும் எழுதப் போகிறேன்.

அந்தப் பத்து நாட்கள் நினைவிருக்கிறது என்கிறாய். எனக்கு ஒன்பதாம் நாள் நினைவிருக்கிறது. நீ விறகு கொண்டுவரப் போயிருந்தாய். பேருந்துப் பணிமனையில் வேலை பார்க்கும் ஒரு மெக்கானிக், வழி கேட்டு நம் வாசலில் நின்றார். திறந்து கிடந்த எஞ்சினைப் பார்த்தார். ஃபில்டர் கிண்ணத்தைக் கழற்றிக் கையில் கவிழ்த்தார். எண்ணெய் சொட்டவில்லை, வெண்ணெய் மாதிரி அப்படியே நின்றது. "குளிர்ல இது எப்படிம்மா ஓடும்? விடியல்ல இந்தக் கிண்ணம் நெறைய டீசல் ஊத்தி, இந்த பம்பைக் கையால நாலு தடவை அடிங்க. எஞ்சின் சூடாயிட்டா அப்புறம் எதைக் குடுத்தாலும் குடிக்கும்" என்றார்.

உன்னிடம் சொல்லத்தான் காத்திருந்தேன். நீ விறகோடு வந்தாய். முகத்தைப் பார்த்தேன். பட்டறையை விற்றதும், அண்ணனோடு பேச்சு முறிந்ததும், எல்லாம் அந்த ஒரு எஞ்சினுக்குள் உறைந்து கிடப்பது போல இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். பதினோராம் நாள் விடியலில், நீ கிணற்றடிக்குப் போன நேரத்தில், டிராக்டர் ஓட்டுநரிடம் வாங்கி வைத்திருந்த டீசலை ஊற்றினேன். நீ திரும்பி வந்து சாவியைத் திருப்பினாய். கிளம்பியது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். என் கையில் டீசல் வாடை. நீ கவனிக்கவில்லை.

ஒரே ஒரு தடவைதான் என்று இருந்தேன். பிறகு இரண்டு குளிர்காலம். உறைபனி விழுந்த ஒவ்வொரு விடியலும். பயணத்தில் என்றால் நீ பல் விளக்கும் நேரம். புட்டியை விதைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தேன், "செடி மருந்து" என்று என் கையால் எழுதி ஒட்டி. கையைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பேன். கோடையில் அந்தப் புட்டியைத் தொட்டதே இல்லை. வெயிலில் நீ சொன்னது எல்லாம் உண்மைதான்.

நீ புத்தகம் எழுதினாய். அதற்குப் பிழை திருத்தியதும் நான். "சொட்டு" என்பதில் நீ ஒரு ஒற்று விட்டிருந்தாய். அதைச் சேர்த்தேன். அந்த வரியில் வேறு பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பரில் மருந்துக்கடைக்காரர் நம் வீட்டுக்கு வந்தபோது, மகளைத் தோளில் வைத்துக்கொண்டு, புத்தகத்தில் பதினான்காம் பக்கத்தைத் திறந்து, "இது ஒண்ணு போதும்மா எனக்கு" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அந்த வீட்டில் தூக்கம் வரவில்லை. உன்னிடம் சொல்லும் தைரியமும் வரவில்லை. அதனால் போனேன். அக்காவின் உடம்பு என்பது கையில் கிடைத்த சாக்கு.

உச்சியில் ஒரு விடியலில் அந்த மூன்று வண்டியும் கிளம்பாது. உதவிக்கு நடந்து போகவும் அங்கே இடம் இல்லை. அவர்களிடம் சொல். நீயே சொல். என் பெயரைச் சொல்லியே சொல்.


டிசம்பர் 3
மலையடிவார விடுதி

கடிதம் கிடைத்தது.

முதலில் நம்பவில்லை. நீ சொன்னதைச் சோதித்துப் பார்க்க நேற்று விடியலில் கிண்ணத்தைக் கழற்றினேன். கவிழ்த்தேன். நின்றது.

அந்தப் பதினோராம் நாளை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன், கணக்கு இருக்கிறதா உனக்கு? மேடையில் சொன்னேன். அண்ணனுக்கு எழுதினேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று நடந்த ஒரே நல்ல காலை அது. நீ ஒரு குழந்தைக்குப் பொம்மை கொடுப்பது போல எனக்கு அதைக் கொடுத்திருக்கிறாய். கைதட்டவும் செய்தாய்.

சரி. இப்போது நான் சொல்வதைக் கேள். இவர்களிடம் சொல்லப் போவதில்லை. மருந்துக்கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்திருக்கிறார். தச்சர்கள் இருந்த நல்ல வேலையை விட்டுவிட்டார்கள். இங்கே நின்று "எல்லாம் பொய்" என்று சொன்னால் என்ன ஆவார்கள்? டீசல் வாங்கி வைத்திருக்கிறேன், பெரிய கேன். தினமும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து மூன்று வண்டியிலும் நானே ஊற்றிவிடுகிறேன். நேற்றும் இன்றும் செய்தேன். மூன்றும் கிளம்பின. தச்சர்கள் குதித்தார்கள். குழந்தை கைதட்டினாள்.

நீ செய்ததுதான் இது. உனக்கு இது தப்பாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

பதினான்காம் பக்கத்தை அப்படியே அனுப்பிவிடு.


டிசம்பர் 6

உனக்கு,

தப்பாகத் தெரிகிறது. நான் செய்தபோதும் தெரிந்தது. அப்போது என் முகத்தைப் பார்க்க ஆள் இல்லை, அவ்வளவுதான்.

நீ கோபப்படு. கடைசி வரை கோபப்படு, அது உனக்கு உரியது. உன் காலையை நான் எடுத்துக்கொண்டேன். ஆனால் இதில் அந்தக் குழந்தையைச் சேர்க்காதே. உனக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்து எழ முடியாமல் போனால்? கேன் கவிழ்ந்தால்? மேலே வழி தவறி வண்டிகள் பிரிந்து நின்றால்? நான் ஒரு வண்டிக்கு, ஒரு ஆளுக்கு, வீட்டு வாசலில் செய்ததே என்னைப் பாதி ஆளாக்கிவிட்டது. கணவாயைத் தாண்டியதும் நீ உன் வழியே போவாய். அவர்கள் அடுத்த குளிர்காலத்தில் உன் புத்தகத்தை நம்பி, மகளை வண்டியில் படுக்க வைத்துக்கொண்டு, தனியாக எங்கோ ஒரு மலையில் இருப்பார்கள். அங்கே விடியலில் யார் எழுந்து ஊற்றுவது?

மருந்துக்கடைக்குத் தொலைபேசி செய்து பார்த்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பூட்டிய கடை, யார் எடுப்பார்கள்?

பதினான்காம் பக்கத்தை அடித்துவிட்டேன். முதலாளியிடம் காரணம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல் பதிப்புல கையெழுத்துப் போட்டது நீதானேம்மா?" என்றார். ஆமாம் என்றேன். இனிமேல் எனக்குப் பள்ளிக்கூடக் கால அட்டவணைகள்தான் கொடுப்பாராம்.

இந்தக் கடிதத்தோடு இன்னொரு கடிதத்தையும் இன்று தபாலில் போட்டுவிட்டேன். மருந்துக்கடைக்காரரின் மனைவி பெயருக்கு. உனக்கு எழுதியதையே அவருக்கும் எழுதியிருக்கிறேன். மிரட்டலுக்காக இதைச் சொல்லவில்லை. போட்டாகிவிட்டது, திரும்ப எடுக்க முடியாது. இரண்டும் ஒரே பால் வண்டியில்தான் வரும். அதற்கு முன்னால் நீ சொல்லிவிட்டால் என் கடிதம் வெறும் காகிதம்.

சி.மை


டிசம்பர் 18
மலையடிவார விடுதி

உனக்கு,

நாங்கள் மலை ஏறவில்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

உன் இரண்டு கடிதமும் 9-ஆம் தேதி பால் வண்டியில் வந்தன. விடுதிக்காரர் இரண்டையும் என்னிடமே கொடுத்து, "அந்தம்மாகிட்ட நீங்களே குடுத்துருங்க" என்றார். உன் கையெழுத்து. பிரிக்கவில்லை. கொடுக்கவும் இல்லை. சட்டைப் பைக்குள் இரண்டு நாள் வைத்திருந்தேன். இதை நான் எழுதாவிட்டால் உனக்குத் தெரியவே வராது. அதனால் எழுதுகிறேன்.

11-ஆம் தேதி விடியலில் என் வண்டிக்கு ஊற்றி, தச்சர் வண்டிக்கு ஊற்றி, மூன்றாவது கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் குரல். "என்னண்ணே ஊத்தறீங்க?" மருந்துக்கடைக்காரரின் மனைவி, மகளுக்குப் பால் சுட வைக்க எழுந்து வந்திருக்கிறார். கையில் பாத்திரம். நான் "எண்ணெய்தாம்மா" என்றேன். அவர் பக்கத்தில் வந்து குனிந்து முகர்ந்தார். என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தேன். பாலை அடுப்பில் வைத்துவிட்டு, அதன் வெளிச்சத்தில் நின்றபடி படித்தார். பால் பொங்கி அடுப்பை அணைத்தது. "இது எப்ப வந்துச்சு?" என்றார். முந்தாநாள் என்றேன். கேனைப் பற்றிக் கேட்கவில்லை, புத்தகத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "முந்தாநாளா?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார்.

அவர் கணவர் எழுந்து வந்தபோது என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார். "மேல போயிருப்பேன்யா. எம்பொண்ணத் தூக்கி வச்சுக்கிட்டு நேரா மேல போயிருப்பேன்" என்றார். அன்றே பேருந்து ஏறிப் போய்விட்டார்கள். வண்டி இங்கேயே நிற்கிறது. குழந்தை எனக்குக் கையசைத்தாள். அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

தச்சர்களில் பெரியவர் மட்டும் சிரித்தார். "அப்ப வீட்டம்மா இல்லாம வண்டி ஏங்குனது நெசந்தான்" என்றார். தம்பி சிரிக்கவில்லை. சமவெளி வழியாகத் திரும்பிவிட்டார்கள்.

பலகாரக் கடைக்காரருக்கு எழுதிவிட்டேன். அண்ணனுக்கும். அண்ணனுக்கு எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். கடைக்காரருக்கு எழுதியது அதைவிடக் கஷ்டம்.

நான் மட்டும் இங்கே இருந்தேன். ஆறு விடியல் டீசல் இல்லாமல் முயன்றேன். கிண்ணத்துக்கு வெந்நீர் ஊற்றினேன். அடியில் தணல் வைத்தேன், விடுதிக்காரர் கத்திக்கொண்டு ஓடி வந்தார். சாக்கைச் சுற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. பேட்டரிதான் தீர்ந்தது. இன்று பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு, கிண்ணம் நிறைய டீசல் ஊற்றி, பம்பை நாலு தடவை அடித்துச் சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே கிளம்பியது. பக்கத்தில் யாரும் இல்லை. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஆனால் காரணம் தெரிந்து, கைதட்ட ஆளில்லாமல், ஒரு வண்டி கிளம்புவதை இன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அந்தச் சத்தத்தை நீ இரண்டு குளிர்காலம் தனியாக நின்று கேட்டிருக்கிறாய்.

கோபம் போகவில்லை. அது வேறு, இது வேறு. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். மன்னிக்கும் இடத்தில் நான் இல்லை என்று அந்த அம்மாவின் முகம் சொல்லிவிட்டது.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இங்கே விடியலில் அந்தக் கிண்ணத்தின் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்கிறது. கையுறையோடு திருகு பிடிபடாது. வெறும் கையால்தான் கழற்ற வேண்டும். எனக்கு இரண்டு வாரத்திலேயே விரல் நுனி வெடித்துவிட்டது. நீ இரண்டு குளிர்காலம் இதைச் செய்தாய். என் பக்கத்தில்தான் உட்கார்ந்து சாப்பிட்டாய். உன் கையை நான் பார்க்கவே இல்லையா?

உனக்குக் குளிரவில்லையா?


டிசம்பர் 22

குளிர்ந்தது.

விரல் வெடித்தது. பாத்திரம் துலக்கியதால் என்று சொன்னேன். நீ உடனே சோப்பை மாற்றினாய். அதனால் நீ பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. நான் காட்டவில்லை.

சனிக்கிழமை காலைப் பேருந்தில் விடுதிக்கு வருகிறேன். மருந்துக்கடைக்காரரின் வண்டியை நாம் இருவருமாக ஓட்டிக்கொண்டு போய் அவர் வாசலில் நிறுத்த வேண்டும். அதில் இரண்டாவது தொட்டி ஒன்று பொருத்து, டீசலுக்கு, எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில். அவர் நம்மை உள்ளே கூப்பிட மாட்டார். வாசலிலேயே நின்று, விடியலில் எப்படிக் கிளப்புவது என்று சொல்லிவிட்டு வருவோம்.

அதற்குப் பிறகு நான் எந்தப் பேருந்தில் ஏறுவேன் என்று இப்போது எழுத வரவில்லை. வராததை எழுதிக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிடப் பார்க்கிறேன்.